மின்கிட்டாரின் கதை – 17: மாட்சுமோட்டோ மரவேலை

ஃபெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 1965 ஜனவரியில் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதே ஜனவரியில் வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஜப்பானில் வந்து இறங்கியது. குழுவில் பாடகர் என்று தனியாக யாரும் இல்லை. கிட்டார், பேஸ், டிரம், அவ்வளவுதான். ஆங்கிலம் தெரியாத ரசிகனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பையன்கள் பைத்தியமாகிவிட்டார்கள். ஜூன் மாதம் ஃபூஜி டெலிவிஷனில் எலெக்ட்ரிக் கிட்டார் குழுக்களின் போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. அக்டோபரில் தோச்சிகி மாநிலத்து ஆஷிகாகா நகரக் கல்வி வாரியம், பள்ளிப் பிள்ளைகள் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கூடாது என்று தடை போட்டது. டிசம்பரில் யூசோ கயாமா எலெக்ட்ரிக் கிட்டாரும் கையுமாக நடித்த படம் வெளியானது. தடையும் படமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இத்தனை கிட்டாரையும் செய்தது யார்? 1946ல் தொடங்கிய டெய்ஸ்கோ, அதற்கும் மூத்த குயாடோன் போன்ற பழைய கைகள் இருந்தன. ஆனால் இந்த வாரக் கதை டோக்கியோவுக்கு மேற்கே, நாகானோ மாநில மலைகளுக்கு நடுவே உள்ள மாட்சுமோட்டோ நகரத்தில் நடக்கிறது. அந்த ஊர்ப் பீரோவுக்கும் பெட்டிக்கும் ஜப்பான் முழுக்கப் பெயர் உண்டு. காற்றில் ஈரம் குறைவு. மரம் நன்றாக உலரும். தச்சர்களுக்குப் பஞ்சமில்லை. மாட்சுமோக்கு என்ற கம்பெனி அங்கே தையல் மிஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தது. 1960ல் விவசாயியான யூயிச்சிரோ யோக்கோஉச்சி, யுத்தாக்கா மிமுரா என்ற கூட்டாளியோடு ஃபூஜிகென் என்ற பட்டறையைத் தொடங்கினார். முதலில் சாதாரண கிட்டார் செய்தார்கள். ஓரிரு ஆண்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார்கள். மாட்சுமோக்குவும் பெட்டிகளோடு கிட்டார் உடம்பும் கடைந்துகொடுக்க ஆரம்பித்தது.

மோகம் மூன்று நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை. 1967லேயே டெய்ஸ்கோவைக் காவாய் வாங்கிவிட்டது. அறுபதுகள் முடிவதற்குள் பல சின்னக் கம்பெனிகள் காணாமல் போயின. பிழைத்தவர்களுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. சொந்தமாக வடிவமைத்த விசித்திர கிட்டார்களை ஓரங்கட்டிவிட்டு, உலகம் எதைக் கேட்கிறதோ அதையே செய்வது. உலகம் கேட்டது கிப்ஸன் லெஸ் பாலும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவை அசல் ஈயடிச்சான் காப்பிகள். நகோயாவின் ஹோஷினோ கம்பெனி ஐபனெஸ் என்ற பெயரிலும், டோக்கியோவின் காண்டா ஷோக்காய் கிரேக்கோ என்ற பெயரிலும் விற்றன. இரண்டையும் பெரும்பாலும் ஃபூஜிகென்தான் செய்தது. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் லெஸ் பால் என்றே தோன்றும். திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அசல் லெஸ் பாலின் கழுத்து உடம்போடு பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். இதில் ஃபெண்டர் பாணியில் நான்கு திருகு. மேல்பலகையில் விரல் மடக்கித் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். வளைத்த பிளைவுட்டை மேலே ஒட்டி, அடியில் வெற்றிடமாகவே விட்டிருப்பார்கள். அசலை ஒருமுறையாவது அறுத்துப் பார்க்காமல், வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துச் செய்தவர்களின் வேலை என்று நினைக்கத் தோன்றும்.

1975க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. பசை போட்டு ஒட்டிய கழுத்து வந்தது, முழு மரத்தில் உடம்பு வந்தது. மாட்சுமோட்டோவிலேயே இருந்த நிஷின் ஓன்பா என்ற கம்பெனி, மேக்ஸன் என்ற பெயரில் நல்ல பிக்கப்புகளைச் சுற்றிக் கொடுத்தது. ஹமமாட்சுவின் டோக்காய் கம்பெனி எழுபதுகளின் முடிவில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் நகலை 'ஸ்பிரிங்கி சவுண்ட்' என்ற பெயரிலும், லெஸ் பால் நகலை 'லெஸ் பால் ரீபார்ன்' என்றே பெயர் வைத்தும் விற்றது. எவ்வளவு தைரியம் பாருங்கள்! இந்தக் கிட்டார்களின் மாடல் எண்ணே விலைச்சீட்டு. கிரேக்கோ இ.ஜி.500 என்றால் 50,000 யென். டோக்காய் எல்.எஸ்.80 என்றால் 80,000 யென். இன்று பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். எண் கூடக்கூட உள்ளே மரமும் பிக்கப்பும் உயர்ந்துகொண்டே போகும்.

அமெரிக்காவில் அதே சமயம் நடந்தது எதிர்த்திசைப் பயணம். ஃபெண்டர் 1971ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தை நான்கு திருகிலிருந்து மூன்றாகக் குறைத்தது. கிப்ஸன் நார்லின் என்ற குழுமத்தின் கைக்குப் போய், லெஸ் பால் உடம்பைப் பல அடுக்குப் பலகைகளை ஒட்டிச் செய்துகொண்டிருந்தது. அதைவிட முக்கியம், மக்கள் கேட்ட சில கிட்டார்களை அவர்கள் செய்வதே இல்லை. 1958ல் கிப்ஸன் கொண்டுவந்த எக்ஸ்ப்ளோரர் மிகச் சொற்ப எண்ணிக்கையோடு நின்றுபோனது. கோணல்மாணலான அந்த வடிவத்தை ஐபனெஸ் 1975ல் 'டிஸ்ட்ராயர்' என்று கொண்டுவந்தபோது கடையில் அசலே கிடையாது. கிப்ஸன் அதை மறுபடி செய்ய ஆரம்பித்தது அதற்கு அடுத்த ஆண்டு. நகலைப் பார்த்து அசல் விழித்துக்கொண்டது என்று சொன்னால் மிகை இல்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது இந்த நகல்களைப் பற்றிய வழக்குக்கு வருவோம். பழைய ஜப்பானியக் கிட்டார் விற்கிறவர்கள் 'வழக்குக் காலத்துக் கிட்டார்' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அசலைவிட நன்றாக இருந்ததால் அமெரிக்கக் கம்பெனிகள் பயந்துபோய் கோர்ட்டுக்கு ஓடின, நீதிபதி தடை போட்டார், அதனால் இவை அரிது என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது இதுதான். 1977 ஜூன் 28 அன்று நார்லின் குழுமம் பிலடெல்ஃபியா மத்திய நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தது. எதிர்தரப்பு ஹோஷினோவின் அமெரிக்கக் கிளையான எல்ஜர். புகார் கிட்டாரின் ஒலியைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ அல்ல. தலைப்பகுதியின் மேல்விளிம்பு, விரித்துவைத்த புத்தகம்போல இருக்குமே, அந்த வடிவத்தைப் பற்றி. ஐபனெஸ் அதற்கு முன்பே தலையை மாற்றிவிட்டது. 1978ல் கோர்ட்டுக்கு வெளியே சமாதானமாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். தீர்ப்பே கிடையாது. கிரேக்கோ மேலும் டோக்காய் மேலும் அந்த வழக்கில் யாரும் கை வைக்கவில்லை. ஜப்பானுக்குள் விற்ற நகல்கள் அதே புத்தகத் தலையோடு தொடர்ந்து வந்தன.

இதைச் சரிபார்க்க வக்கீல் வேண்டாம். ஃபூஜிகென் செய்த ஐபனெஸ்களில் 1975 கடைசியிலிருந்து வரிசை எண் உண்டு. முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 'எஃப்77' என்று தொடங்கினால் 1977 ஜூன், வழக்குப் போட்ட அதே மாதம். அப்படி ஒன்றை எடுத்துத் தலையைப் பாருங்கள். புத்தகம் இருக்காது. 1977ல் ஐபனெஸ் ஜாஸ் வித்வான் ஜார்ஜ் பென்ஸனுக்காகச் சொந்த வடிவத்தில் ஜி.பி.10 கிட்டார் செய்துகொண்டிருந்தது. நகலை விட்டு விலகியாகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே யமாஹாவின் எஸ்.ஜி.2000 வந்து கார்லோஸ் சந்தானாவின் கைக்குப் போயிருந்தது. நாதம் நீண்டு நிற்க வேண்டுமென்று கழுத்து மரத்தை உடம்பு முழுக்க ஓடவிட்டு, பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தகடு புதைத்த கிட்டார் அது.

ஆக, வழக்குக்கும் இந்தக் கிட்டார்களின் புகழுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. என் கணக்கில் காரணம் வேறு. நல்ல மரம், நேரான கழுத்து, ஆனால் யாரும் பயபக்தியோடு பார்க்காத பெயர். 1959 லெஸ் பாலில் டிரில் வைக்க யாருக்குக் கை வரும்? கிரேக்கோவில் வைக்கலாம், கெட்டுப்போனால் போகட்டும். எழுபது, எண்பதுகளின் கிட்டார்காரர்கள் மரம் அறுக்கவும் பிக்கப் மாற்றவும் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட கிட்டார்களில்தான்.

பெரிய உதாரணம் எடி வான் ஹேலன். 1978 பிப்ரவரியில் வந்த அவருடைய குழுவின் முதல் ஆல்பத்தில் நிறைய இடங்களில் கேட்பது ஐபனெஸ் டிஸ்ட்ராயர். எக்ஸ்ப்ளோரர் அசலில் கொரீனா என்ற ஆப்பிரிக்க மரம்; டிஸ்ட்ராயரில் அதே நிறத்துக்குச் சாயம் பூசிய ஜப்பானியச் சென் மரம். வான் ஹேலனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஒலி பிடித்துப்போயிற்று. ஆல்பம் முடிந்த பிறகு, வித்தியாசமாகத் தெரிய வேண்டும் என்று ரம்பத்தை எடுத்து உடம்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். விளிம்பு சுறாவின் பல்வரிசைபோல ஆனது. ரசிகர்கள் அதைச் 'சுறா' என்றே கூப்பிடுகிறார்கள். 1980ல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் அட்டையில் பார்க்கலாம். பார்க்கத்தான் அழகு. வெட்டியதும் பழைய ஒலி போய்விட்டது என்று அவரே பின்னால் வருந்திச் சொன்னார். அந்த ஒலி தேவைப்பட்டபோது வேறொருவரின் டிஸ்ட்ராயரை இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

எல்லாருக்கும் ரம்பம் தேவைப்படவில்லை. பெரும்பாலோர் செய்தது பிக்கப் மாற்றுவது. நியூயார்க்கில் லாரி டிமார்ஸியோ எழுபதுகளின் தொடக்கத்தில் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தார். 1976ல் கலிஃபோர்னியாவில் செய்மர் டங்கன் தன் கம்பெனியைத் தொடங்கினார். டோக்கியோவில் 1975ல் ஹிசத்தாக்கே ஷிபுயா ஒரு கடை திறந்தார்: கிட்டார் விற்க அல்ல, கிட்டாரை மாற்றத் தேவையான உதிரி பாகங்கள் விற்க. அந்தக் கடைதான் பிற்காலத்தின் ஈ.எஸ்.பி. கிட்டார் கம்பெனி. கிட்டார் கம்பெனி ஒன்று உதிரி பாகக் கடையாகப் பிறந்தது அந்தக் காலத்தின் மனநிலையை நன்றாகவே சொல்கிறது.

இந்த மாற்று வேலையில் ஒரு தொல்லை உண்டு, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எழுபதுகளின் இறுதியில் வந்த ஒரு கிரேக்கோவைக் கவிழ்த்துப்போட்டு, பின்மூடியைக் கழற்றினால் நான்கு பொத்தான்களின் அடிப்பாகம் தெரியும். வால்யூம் இரண்டு, டோன் இரண்டு. நடுவே பச்சை நிறத்தில் சுண்டைக்காய் அளவுக்குக் கெப்பாசிட்டர். பழைய பொத்தான்கள் கரகரவென்று சத்தம் போடுகின்றன, அமெரிக்கப் பொத்தான் போடலாம் என்று வாங்கி வருகிறார் ஒருவர். உள்ளே போகாது. ஜப்பான் மில்லிமீட்டர் நாடு, அமெரிக்கா அங்குல நாடு. ஜப்பானியப் பொத்தானின் மரைக் குழாய் 7 அல்லது 8 மில்லிமீட்டர். அமெரிக்கப் பொத்தானுடையது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 9.5 மில்லிமீட்டர். துளையைப் பெரிசாக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரர் மாட்டிக்கொள்வார். இந்தக் கிட்டார்களின் மேல்பூச்சு கண்ணாடிபோல கெட்டியான பாலியெஸ்டர். இருக்கிற ஓட்டையில் டிரில்லை நேராக ஓட்டினால் அலகு மரத்தைக் கவ்வி, ஓட்டையைச் சுற்றி ஐம்பது பைசா அளவுக்குப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் கூம்பு வடிவ ரீமரைக் கையால் திருகி, மயிரிழை மயிரிழையாக அகலப்படுத்துவார்கள். டிரில்தான் இருக்கிறது என்றால் முதலில் பின்சுற்றில் ஓட்டிப் பூச்சைத் தேய்த்துவிட்டு, அப்புறம் முன்சுற்று.

சரி, பொத்தான் உட்கார்ந்தது. இப்போது மேலே போடும் குமிழ் உட்காராது. ஜப்பானியத் தண்டில் 18 பல், அமெரிக்கத் தண்டில் 24 பல். பழைய குமிழைப் புதுத் தண்டில் அழுத்தினால் குமிழ் உடையும் அல்லது ஆடும். பிரிட்ஜ் மாற்றப் போனால் அதே கதை: தாங்கும் திருகுத் தூண்களின் மரை ஒத்துப்போகாது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் தந்திகளுக்கு இடையே உள்ள தூரமே வேறு. பழைய அமெரிக்க பிரிட்ஜில் முதல் தந்தியிலிருந்து ஆறாவது தந்திவரை ஏறத்தாழ 56 மில்லிமீட்டர். ஜப்பானிய பிரிட்ஜ்களில் 52.5 அல்லது 54. அமெரிக்க பிரிட்ஜை மாட்டினால் ஓரத் தந்திகள் கழுத்தின் விளிம்பைத் தாண்டி நழுவும். இதனால்தான் அனுபவசாலிகள் ஜப்பானியக் கிட்டாருக்கு ஜப்பானிய உதிரிகளையே தேடுவார்கள். குன்மா மாநிலத்தின் கோத்தோ கம்பெனிக்கு அந்த வகையில் இன்றும் நல்ல வியாபாரம்.

ஃபெண்டர் கடைசியில் எடுத்த முடிவு கிப்ஸனுடையதுக்கு நேர் எதிர். நகல் செய்கிறவனோடு மல்லுக்கு நிற்பதைவிடக் கூட்டுச் சேர்ந்துவிடலாம். 1982 மார்ச்சில் காண்டா ஷோக்காய், யமானோ என்ற இரண்டு ஜப்பானிய நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் பிறந்தது. செய்து கொடுத்தது ஃபூஜிகென். பதிலுக்கு கிரேக்கோ, ஃபெண்டர் நகல்களை நிறுத்திக்கொண்டது. மாதிரிக் கிட்டார்கள் கலிஃபோர்னியா தொழிற்சாலைக்கு வந்தபோது, தரத்தைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்கு அழுகையே வந்துவிட்டது என்று அப்போதைய ஃபெண்டர் அதிகாரி டான் ஸ்மித் பின்னால் சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவுக்கு அனுப்பியவற்றில் ஸ்குவையர் என்ற பெயர் போட்டார்கள். ஃபெண்டர் 1965ல் வாங்கிப்போட்டிருந்த ஒரு தந்திக் கம்பெனியின் பெயர் அது.

மூன்று ஆண்டு கழித்து இந்தக் கூட்டுதான் ஃபெண்டரைக் காப்பாற்றியது. 1985ல் சி.பி.எஸ். ஃபெண்டரைக் கைகழுவியபோது, ஃபெண்டரின் தலைவராக இருந்த பில் ஷுல்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அந்த விலையில் தொழிற்சாலை சேர்த்தி இல்லை. கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் புதுத் தொழிற்சாலை நிமிரும்வரை ஃபெண்டர் என்ற பெயரில் கடைக்கு வந்ததில் பெரும்பகுதி மாட்சுமோட்டோவில் செய்தது.

அந்த முதல் கிட்டார்களில் 'ஜே.வி.' என்று தொடங்கும் எண் இருக்கும். 1982 முதல் 1984 வரை. இன்று அவற்றுக்கு நல்ல கிராக்கி. ஆனால் எண் பொறித்திருப்பது பெரும்பாலும் கழுத்தை இறுக்கும் உலோகத் தகட்டில். நான்கு திருகைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். எந்தக் கிட்டாரிலும் மாட்டலாம். வாங்குகிறவர் கழுத்தையே கழற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இன்னொரு சிக்கல், கெடாமல் இருக்கிற ஜே.வி.யே குறைவு. எண்பதுகளில் யாருக்கும் அதன் மேல் மரியாதை இல்லை. பூட்டும் டிரெமலோ வேண்டும் என்று உளியால் குழி தோண்டினார்கள், இரட்டைச் சுருள் பிக்கப்புக்காகப் பலகையை வெட்டினார்கள், மேலே ஃப்ளோரசன்ட் பெயின்ட் அடித்தார்கள். தொண்ணூறுகளிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993 சுற்றுப்பயணத்தில் வாசித்த ஃபெண்டர் மஸ்டாங்குகள் ஜப்பானில் செய்த இடதுகைக் கிட்டார்கள். அவருடைய தொழில்நுட்பர் எர்னி பெய்லி அவற்றில் செய்மர் டங்கன் பிக்கப்பும் கோத்தோ பிரிட்ஜும் மாட்டிக் கொடுத்தார்.

இப்போது பட்டறைகளில் நடப்பது அதற்கு நேர்மாறான வேலை. தோண்டிய குழியில் அதே ரேகை ஓடும் மரத்துண்டைப் பொருத்தி ஒட்டுகிறார்கள். அகலப்படுத்திய துளையில் மரக்குச்சி அடைத்து மறுபடி 8 மில்லிமீட்டராகத் துளைக்கிறார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் குப்பையில் போட்ட மேக்ஸன் பிக்கப்பை விலை கொடுத்துத் தேடுகிறார்கள். டெய்ஸ்கோவின் தங்கத்தாள் ஒட்டிய பிக்கப்பின் கதி இன்னும் வேடிக்கை. ரை கூடர் என்ற அமெரிக்கக் கிட்டார்காரர் அதைத் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மாட்டிக்கொண்டதும், அந்த மலிவுக் கிட்டார்களைப் பிக்கப்புக்காகவே உடைக்க ஆரம்பித்தார்கள்.

சட்டப் போரும் வினோதமாக முடிந்தது. லெஸ் பால் வடிவம் தனக்கே உரியது என்று ஃபெர்னாண்டஸ் என்ற ஜப்பானியக் கம்பெனி மேல் கிப்ஸன் போட்ட வழக்கில், டோக்கியோ உயர் நீதிமன்றம் 2000ல் கிப்ஸனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒரு காலத்தில் அந்த வடிவம் கிப்ஸனின் அடையாளமாகத்தான் இருந்தது. இத்தனை கம்பெனிகள் இத்தனை ஆண்டு நகல் செய்ததைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த அடையாளம் கரைந்துவிட்டது என்பது நீதிமன்றத்தின் வாதம். பிலடெல்ஃபியாவில் தலையோடு நிறுத்தியவர்கள் டோக்கியோவில் உடம்பையும் இழந்தார்கள்.

நல்ல கிட்டாரை மலிவு விலைக்கு ஜப்பான் ஏன் தொடர்ந்து செய்யவில்லை என்பதற்குக் காரணம் கோர்ட்டில் இல்லை, வங்கியில். 1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டார்கள். அப்போது டாலருக்கு ஏறத்தாழ 240 யென். 1987 முடிவில் ஏறத்தாழ 120. மாட்சுமோட்டோவில் யாரும் கூலியைக் கூட்டாமலே, அங்கே செய்த கிட்டாரின் விலை அமெரிக்கக் கடையில் இரண்டு மடங்கு. 1987ல் மாட்சுமோக்கு மூடிவிட்டது. ஃபூஜிகென் விலை கூடிய கிட்டார்களோடு தாக்குப்பிடித்தது. மலிவுக் கிட்டாருக்கான ஆர்டர்கள் கடலைத் தாண்டித் தென்கொரியாவுக்குப் போயின. அங்கே சாமிக், கோர்ட் என்ற இரண்டு கம்பெனிகள் ஏற்கெனவே மரத்தை அடுக்கிவைத்துக் காத்திருந்தன. அவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)